ஒரு ரூபாய் நாணயம்: மாறும் முகம், இளைக்கும் உடம்பு

வீட்டில் உண்டியலோ சில்லறை டப்பாவோ இருந்தால், அதில் உள்ள ஒரு ரூபாய் நாணயங்களை மட்டும் பொறுக்கி மேசைமேல் பரப்புங்கள். எல்லாவற்றுக்கும் மதிப்பு ஒன்றுதான், ஆனால் அளவும் படமும் வேறு வேறாக இருக்கும். ஒன்றில் கோதுமைக் கதிர், இன்னொன்றில் கட்டை விரலை உயர்த்திய கை, மற்றொன்றில் பூ. சில நாணயங்கள் நல்ல பெரிசு, சில சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. கொஞ்சம் பழைய டப்பாவாக இருந்தால் மங்கிய வெள்ளை நிறத்தில் கனமான காசு ஒன்றும் அகப்படலாம்.

ஒரே மதிப்புள்ள நாணயத்துக்கு இத்தனை வடிவங்கள் ஏன்? இதற்கு விடை தேடும்போது இரண்டு வகை மாற்றங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நாணயத்தின் மேல் என்ன பொறிக்கிறார்கள் என்பது முதலாவது. எந்த உலோகத்தில், எவ்வளவு எடையில் அடிக்கிறார்கள் என்பது இரண்டாவது. முதலாவதை ஆட்சியும் அரசியலும் மாற்றும். இரண்டாவதை உலோகத்தின் சந்தை விலை மாற்றும். நம் கண்ணில் முதலில் படுவது படம்தான் என்றாலும், ரூபாயின் உண்மையான கதை எடையில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

சொற்களை முதலில் சரி செய்துகொள்வோம். ஆட்சியின் அடையாளம் உள்ள பக்கம் முன்பக்கம். டாஸ் போடும்போது ‘தலை’ என்கிறோமே, அது இதுதான். மதிப்பு எழுதிய பக்கம் பின்பக்கம், அதாவது ‘பூ’. சுற்றிவர இருப்பது விளிம்பு. நாணயம் அடிக்கும் இடம் நாணயச்சாலை. சென்னைக்காரர்கள் தங்கசாலை என்றால் புரிந்துகொள்வார்கள்.

ரூபாய் என்ற வெள்ளி நாணயத்தை ஒரு நிலையான அளவுக்குக் கொண்டுவந்தவர் ஷேர் ஷா சூரி. டெல்லியை 1540 முதல் 1545 வரை ஆண்டவர். அவர் காலத்து ரூபாய் சுமார் 11.5 கிராம் எடை. அதில் மன்னரின் முகம் கிடையாது, எழுத்துகள் மட்டும்தான். பின்னால் வந்த முகலாயர்களும் ஏறக்குறைய இதே எடையைக் காப்பாற்றினார்கள்.

தெற்கே நிலைமை வேறு. இங்கே வராகன், பணம், காசு என்ற கணக்குதான் நெடுங்காலம் ஓடியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். வடக்கோடு வியாபாரம் செய்ய ஆற்காட்டு ரூபாயும் புழங்கியது. கம்பெனி அடித்த அந்த ரூபாயில்கூட முகலாயப் பேரரசர் பெயர்தான் இருந்தது, காரணம் மக்களுக்குப் பழகிய பெயர் அது. 1807, 1808 வாக்கில் சென்னையில் அடித்த அரை வராகன் வெள்ளி நாணயத்தில் ஒரு பக்கம் கோயில் கோபுரம், மறுபக்கம் விஷ்ணு. ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு என நான்கு மொழிகளில் அதன் மதிப்பைப் பொறித்திருந்தார்கள். அழகான காசு. 1818இல் சென்னை மாகாணத்திலும் ரூபாயே அடிப்படை நாணயம் என்று ஆனதும் இந்த வராகன் கணக்கு முடிவுக்கு வந்தது. மூன்றரை ரூபாய்க்கு ஒரு வராகன் என்று மாற்றிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு மாகாணத்திலும் ஒவ்வொரு ரூபாய் இருந்தது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வந்தது 1835ஆம் ஆண்டு நாணயச் சட்டம். கம்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய்: எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. முன்பக்கத்தில் முகலாயர் பெயர் போய் இங்கிலாந்து அரசர் நான்காம் வில்லியத்தின் தலை வந்தது. பின்பக்கத்தில் மலர் வளையத்துக்குள் ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் ‘ஒரு ரூபாய்’.

அந்த எடை தற்செயலானதல்ல. 180 கிரெயின் என்பது ஒரு தோலா. அதனால் ரூபாய் நாணயம் பணமாகவும் இருந்தது, எடைக்கல்லாகவும் இருந்தது. சென்னை மாகாணத்தில் ஒரு பலம் என்பது மூன்று ரூபாய் எடை, நாற்பது பலம் ஒரு வீசை. பழைய மருந்துக் குறிப்புகளில் ‘ஒரு ரூபாய் எடை’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு ரூபாய்க்கு வாங்கக்கூடிய மருந்தென்று நினைத்துவிட வேண்டாம், தட்டின் மறுபக்கம் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து நிறுக்க வேண்டும் என்று பொருள்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. அந்தக் காலத்து ரூபாயின் மதிப்பு அதற்குள் இருந்த வெள்ளியின் மதிப்பே. யார் வேண்டுமானாலும் வெள்ளியைக் கொண்டுபோய் நாணயச்சாலையில் கொடுத்து, சிறு கூலி கழித்து, ரூபாயாக அடித்து வாங்கிவரலாம். அரசாங்கத்தின் முத்திரை செய்த வேலை ஒன்றுதான்: ‘இதில் இவ்வளவு வெள்ளி இருக்கிறது’ என்று உறுதி சொல்வது. இப்படிப்பட்ட நாணயத்தை முழுமதிப்பு நாணயம் என்று சொல்லலாம். இன்று நம் பையில் இருப்பது அடையாள நாணயம். உலோகத்தின் விலை என்னவாக இருந்தாலும், இது ஒரு ரூபாய் என்று அரசு சொல்வதால் அது ஒரு ரூபாய்.

ஒன்று எப்போது மற்றொன்றாக மாறியது? ஒரே நாளில் நடக்கவில்லை என்றாலும் 1893ஐக் கை காட்டலாம். 1870களில் ஜெர்மனி போன்ற நாடுகள் தங்கத்துக்கு மாற, உலகச் சந்தையில் வெள்ளியின் விலை சரிந்தது. கூடவே ரூபாயும் சரிந்தது. லண்டனுக்குப் பவுனில் (பிரிட்டன் நாணயத்தில்) பணம் அனுப்ப வேண்டிய இந்திய அரசுக்குச் சுமை கூடிக்கொண்டே போனது. 1893இல் பொதுமக்களின் வெள்ளிக்கு நாணயச்சாலைக் கதவை மூடினார்கள். அதன் பிறகு ரூபாயின் மதிப்பைப் பவுன் கணக்கில் அரசே நிர்ணயித்தது. நாணயம் பழைய மாதிரியே கனமாக, வெள்ளியாக இருந்தது. ஆனால் அதன் மதிப்பு வெள்ளியைவிட்டு விலகத் தொடங்கிவிட்டது. படம் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

படங்களுக்கு வருவோம். 1840இல் விக்டோரியாவின் இளமை முகம், கிரீடம் இல்லாமல். 1858இல் ஆட்சி கம்பெனியிடமிருந்து அரசிக்குப் போனது. 1862 முதல் கிரீடம் வைத்த விக்டோரியா. 1877 முதல் ‘அரசி’ என்ற பட்டம் ‘பேரரசி’ ஆனது. இதில் சேகரிப்பாளர்களைப் படுத்தும் சங்கதி ஒன்று உண்டு. 1862 என்று போட்ட அச்சையே பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆண்டை மாற்றாமல் பயன்படுத்தினார்கள். ஆகவே 1862 என்று இருந்தால் அது 1862இல்தான் அடித்தது என்று சொல்ல முடியாது. ஆண்டுக்குக் கீழும் மேலும் இருக்கும் சிறு புள்ளிகளை எண்ணித்தான் பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

ஏழாம் எட்வர்டுக்கு வெறும் தலை. அடுத்து வந்த ஐந்தாம் ஜார்ஜின் 1911 ரூபாய்தான் இந்தத் தொடரிலேயே அதிகம் பேசப்பட்டது. அரசரின் மேலங்கியில் சின்னதாக ஒரு யானை. அச்சு வெட்டியவர் தும்பிக்கையைக் குட்டையாக வைத்துவிட்டதால், பார்ப்பவர் கண்ணுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. இஸ்லாமியர்களிடையே கடும் எதிர்ப்பு கிளம்பியது. சுமார் 94 லட்சம் நாணயங்கள் அடித்திருந்தார்கள், வெளியே போனவை 7 லட்சம். மீதியை நிறுத்திவைத்து உருக்கினார்கள். 1912 நாணயத்தில் யானைக்குத் தும்பிக்கை நீண்டது, காதும் தெளிவாகத் தெரிந்தது. இன்றைக்கும் ‘பன்றி ரூபாய்’ என்றே அந்த 1911 நாணயத்துக்குப் பெயர். அரிசி அளவுகூட இல்லாத ஒரு யானைக்காக அரசாங்கம் அச்சையே மாற்ற வேண்டி வந்தது. நாணயத்தை மக்கள் எவ்வளவு உற்றுப் பார்க்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

அப்புறம் போர்கள் வந்தன. முதல் உலகப் போரின்போது வெள்ளியின் விலை ஏறியது, ரூபாய் நாணயத்துக்குத் தட்டுப்பாடு. 1917 நவம்பரில் முதல் ஒரு ரூபாய் நோட்டு வெளிவந்தது இதனால்தான். நோட்டைக் கொடுத்து வெள்ளி நாணயம் கேட்டு மக்கள் நெருக்க, 1918இல் அமெரிக்கா பிட்மன் சட்டம் என்று ஒன்றை இயற்றித் தன் வெள்ளி டாலர்களை உருக்கிப் பிரிட்டனுக்கு விற்றது. அந்த வெள்ளி இந்தியாவுக்கு வந்து ரூபாயாக மாறியது.

இரண்டாம் உலகப் போரில் நிலைமை இன்னும் மோசம். 1940இல் சட்டத்தைத் திருத்தி, ரூபாயில் இருந்த வெள்ளியைப் பன்னிரண்டில் பதினொரு பங்கிலிருந்து சரிபாதியாகக் குறைத்தார்கள். மீதிக்குச் செம்பு, நிக்கல், துத்தநாகம். ஆறாம் ஜார்ஜின் முகம் அப்படியே இருந்தது, உள்ளே இருந்த சரக்கு மட்டும் பாதியாகிவிட்டது. கலப்பு உலோகம் என்றாலே கள்ள நாணயக்காரர்களுக்குக் கொண்டாட்டம். அதைத் தடுக்க விளிம்பில் தனியான வரிப்பள்ளம் கொண்டுவந்தார்கள். அப்படியும் கள்ள நாணயம் தலைகாட்டவே, 1947இல் வெள்ளியை முழுக்கக் கைவிட்டு நிக்கலுக்குப் போனார்கள். அந்த நிக்கல் ரூபாயின் ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ், மறுபக்கம் ஒரு புலி.

சுதந்திரம் கிடைத்த அன்றே நாணயம் மாறிவிடவில்லை. மூன்று ஆண்டுகள் அரசர் தலையுள்ள நாணயங்களே ஓடின. 1950 ஆகஸ்ட் 15 அன்றுதான் குடியரசின் முதல் நாணயங்கள் வந்தன. அரசர் தலை இருந்த இடத்தில் அசோகர் தூணின் சிங்க முகங்கள். ரூபாயில் புலி இருந்த இடத்தில் கோதுமைக் கதிர். வங்கப் பஞ்சம் நடந்து ஏழு ஆண்டுகள்தான் ஆகியிருந்த நாட்டில், புலியை எடுத்துவிட்டுத் தானியத்தை வைத்த அந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. சிறு சிறு மாற்றங்களோடு அந்தக் கதிர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு ரூபாயில் நீடித்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் ‘ஒரு ரூபாய்’ என்று சொன்னால் அவர்கள் மனத்தில் வருவது இதுதான்.

1957 ஏப்ரல் 1 முதல் தசம முறை. அணா போய் நயா பைசா வந்தது. 16 அணா ஒரு ரூபாய் என்பது 100 நயா பைசா ஒரு ரூபாய் என்று ஆயிற்று. 1964இல் ‘நயா’வை எடுத்துவிட்டார்கள். இந்த மாற்றம் சில்லறைக் காசுகளைப் புரட்டிப் போட்டதே தவிர, ரூபாயின் மதிப்பைத் தொடவில்லை.

இனி எடைக் கதை. 1962இல் வந்த நிக்கல் ரூபாய் 10 கிராம். 1975இல் நிக்கல் போய்ச் செம்பு-நிக்கல் கலவை வந்தபோது 8 கிராம். 1983இல் 6 கிராம், குறுக்களவும் 28 மில்லிமீட்டரிலிருந்து 26 ஆனது. 1992இல் துருப்பிடிக்காத எஃகு, 4.85 கிராம், 25 மில்லிமீட்டர். 2011இல் 3.79 கிராம், 22 மில்லிமீட்டர். 2019இல் 3.09 கிராம், 20 மில்லிமீட்டர். ஒரு தோலாவில் தொடங்கிய ரூபாய் இன்று அதில் கால் பங்கைச் சற்றே தாண்டி நிற்கிறது.

ஏன் இப்படி இளைக்க வேண்டும்? விலைவாசி ஏற ஏற உலோகத்தின் விலையும் ஏறும், நாணயத்தின் மேல் எழுதிய ‘1’ மட்டும் ஏறாது. ஒரு கட்டத்தில் நாணயத்துக்குள் இருக்கும் உலோகம் ஒரு ரூபாயைவிட அதிக விலைக்குப் போகும். அந்தக் கட்டம் வந்துவிட்டால் நாணயத்தைச் செலவழிப்பதைவிட உருக்குவதே லாபம். கெட்டிக்காரர்கள் பொறுக்கி எடுத்து உருக்குவார்கள், கடையில் சில்லறைத் தட்டுப்பாடு வரும். 2007 வாக்கில், நம் எஃகு நாணயங்களை வங்கதேசத்துக்குக் கடத்திக்கொண்டுபோய்ச் சவரப் பிளேடு செய்கிறார்கள் என்ற செய்தி வந்தது நினைவிருக்கலாம். ஒரு ரூபாய் நாணயத்திலிருந்து ஐந்தாறு பிளேடு எடுக்கலாமாம். நாணயத்தை உருக்குவது சட்டப்படி குற்றம், சிறைத் தண்டனை உண்டு. ஆனால் சட்டத்தைவிட நல்ல பாதுகாப்பு, உருக்குவதற்குத் தகுதியில்லாத அளவுக்கு நாணயத்தை மெலிய வைப்பதுதான். அரசு அதைத்தான் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறது.

அப்படிச் செய்தும் கணக்கு இடிக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 2018இல் கிடைத்த பதில்படி, ஒரு ரூபாய் நாணயம் அடிக்க ஆன செலவு 1 ரூபாய் 11 காசு. நஷ்டத்துக்கு ஏன் அடிக்க வேண்டும் என்று கேட்கலாம். ஒரு நாணயம் பல ஆண்டுகள் கைமாறிக்கொண்டே இருக்கும், ஒரே தடவை செலவாகித் தீர்ந்துபோவதில்லை. அதனால் அந்தப் பதினொரு காசு பெரிய நஷ்டமல்ல.

உலோக மாற்றத்தை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு காந்தம் போதும். சுத்த நிக்கலால் ஆன 1950களின், 1960களின் ரூபாய் காந்தத்தில் ஒட்டும். 1975 முதல் 1991 வரையிலான செம்பு-நிக்கல் ரூபாய் ஒட்டாது. 1992க்குப் பிந்தைய எஃகு ரூபாய் மறுபடி ஒட்டும். குழந்தைகளுக்குச் செய்து காட்ட நல்ல விளையாட்டு. மாற்றம் வரும்போதெல்லாம் அவதிப்பட்டவை காசு போட்டால் இயங்கும் கருவிகள். பெட்டிக்கடை வாசலில் தொங்கிய ஒரு ரூபாய் போன், ரயில் நிலையத்து எடை பார்க்கும் மெஷின் போன்றவற்றுக்கு ‘1’ என்று படிக்கத் தெரியாது. அளவும் எடையும் உலோகமும்தான் அவற்றுக்கு அடையாளம்.

2004க்குப் பிறகு படங்களும் அடிக்கடி மாறத் தொடங்கின. 2004 முதல் 2006 வரை வந்த ரூபாயில் கதிரை எடுத்துவிட்டு, நான்கு கோடுகள் சந்திக்கும் ஒரு சின்னத்தைப் போட்டார்கள். வேற்றுமையில் ஒற்றுமை என்பது கருத்து. பார்த்தவர்கள் பலருக்குச் சிலுவையாகத் தெரிந்தது, சர்ச்சையும் ஆனது. பன்றியாகத் தெரிந்த யானை நினைவுக்கு வருகிறதா? 2007இல் வந்தது நாட்டிய முத்திரை வரிசை. ஐம்பது காசில் மூடிய கை, ஒரு ரூபாயில் உயர்த்திய கட்டை விரல், இரண்டு ரூபாயில் இரண்டு விரல். எழுத்தறியாதவருக்கும் மதிப்பு தெரியும் என்ற யோசனை நன்றாகத்தான் இருந்தது. என்ன செய்வது, ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் ஒரே நிற எஃகில், ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. நெரிசலான பேருந்தில் கண்டக்டர் எந்த விரல் என்று பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? கண்பார்வை இல்லாதவர்களுக்கு இன்னும் சிரமம். அவர்கள் தடவிப் பார்ப்பது விளிம்பையும் அளவையும்தான்.

2011 வரிசையில் ரூபாய்க் குறியீடு முதன்முறையாக இடம்பெற்றது. அந்தக் குறியீட்டை அரசு ஏற்றது 2010 ஜூலையில், அதை வடிவமைத்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார். கீழே பூ வேலைப்பாடு. ‘பூவா தலையா’ என்று கேட்பதற்கு அறுபது ஆண்டுகள் கழித்து மறுபடியும் ஒரு பூ கிடைத்தது. 2019 மார்ச்சில் வந்த வரிசை, பார்வையற்றவர்களை மனத்தில் வைத்துச் செய்தது. மதிப்பு கூடக்கூட அளவும் எடையும் படிப்படியாகக் கூடும், இருபது ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கங்கள். தேசிய வடிவமைப்பு நிறுவனம் இதில் பங்கெடுத்தது. ஒரு ரூபாயில் மறுபடி தானியம்.

இவை அன்றாடப் புழக்கத்துக்கான நாணயங்கள். இவற்றுக்கு நடுவே நினைவு நாணயங்களும் வரும். 1964இல் நேரு, 1969இல் காந்தி நூற்றாண்டு, 1990இல் அம்பேத்கர் என்று ஒரு ரூபாயில் மட்டும் ஒரு நீண்ட வரிசை உண்டு. 1995இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காகத் திருவள்ளுவர் உருவம் பொறித்த நாணயங்கள் வந்தன. அவை தமிழ்நாட்டில் நிறைய வீடுகளில் செலவழிக்காமல் எடுத்து வைத்தவை.

சரி, இத்தனை வடிவங்களில் எது செல்லும்? குடியரசு காலத்து ஒரு ரூபாய் எந்த வடிவமாக இருந்தாலும் செல்லும். 2011 ஜூனோடு செல்லாமல் போனவை 25 காசும் அதற்குக் கீழ் உள்ளவையும்தான். சின்ன ஒரு ரூபாயைக் கடைக்காரர் வேண்டாம் என்று தள்ளினால், தவறு அவர் பக்கம். அதே நேரம் மூட்டை மூட்டையாகச் சில்லறையைக் கொண்டுபோய் ஒருவர் தலையில் கட்டவும் முடியாது. 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட நாணயங்களும் ஒரு தடவைக்கு ஆயிரம் ரூபாய் வரைதான் சட்டப்படி செல்லும். நாணயங்களை அடிப்பது மத்திய அரசு, ரிசர்வ் வங்கி விநியோகிக்க மட்டும் செய்கிறது. ஒரு ரூபாய் நோட்டில் கவர்னர் கையெழுத்து இல்லாமல் நிதித்துறைச் செயலர் கையெழுத்து இருப்பதற்கும் காரணம் இதுவே. சட்டத்தின் கண்ணில் அந்த நோட்டும் ஒரு நாணயம்தான்.

டப்பாவை மூடும் முன் ஒரு தடவை ஆண்டுக்குக் கீழே பாருங்கள். குறி எதுவும் இல்லை என்றால் கொல்கத்தா. வைரம் போன்ற சாய்சதுரம் என்றால் மும்பை. நட்சத்திரம் ஹைதராபாத். புள்ளி நொய்டா, அங்கே 1988இல்தான் நாணயம் அடிக்கத் தொடங்கினார்கள். 1980களில் உள்ளூர் நாணயச்சாலைகளால் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாமல் வெளிநாட்டில் அடித்து வாங்கியதும் உண்டு. 1985 என்று போட்ட ரூபாயில் ஆண்டுக்கு அருகே ஆங்கில ‘எச்’ எழுத்து இருந்தால், அது பர்மிங்ஹாமில் அடித்துக் கப்பலேறி வந்தது.